மெக்சிகோ உணவு மேசையில் அரபுச் சுவடுகள்

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை செல்லும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் மகாராஜபுரம். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் மலைநீர் இறங்கும் கண்மாய்ப் பாசன நிலங்களில் நெல்லும் தென்னையும் நிற்கின்றன. மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலங்களிலோ இன்று பெருவாரியாக விதைக்கப்படுவது மக்காச்சோளம். விளைந்ததில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குச் செல்கிறது. கம்பும் கேழ்வரகும் நம் முன்னோர் உணவு. இதுவோ பெயரிலேயே ஒரு புனித நகரைச் சுமந்து வந்த தானியம். பெயரைக் கேட்பவர், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியோர் யாரோ மடியில் கட்டிக்கொண்டு வந்த விதை என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. வட இந்தியரும் இதனை மக்கா என்றே அழைக்கின்றனர். அப்பெயர் மக்கா நகரைக் குறித்தே எழுந்தது என்று கருதும் சொல்லாய்வாளரும் உளர்.

ஆனால் மக்காவில் இத்தானியம் பிறக்கவில்லை. எகிப்தியர் இதனை 'துரா ஷாமிய்யா', அதாவது சிரியாச் சோளம் என்பர். துருக்கியர் 'மிஸிர்' என்பர்; அது எகிப்தின் பெயர். இத்தாலியர் 'துருக்கித் தானியம்' என்று அழைத்தனர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழியிலோ இது 'மஹிந்தி', இந்தியாவினுடையது! ஒவ்வொரு சமூகமும் தனக்குத் தந்த அண்டை வீட்டாரைச் சுட்டி நின்றுவிட்டது. வான்கோழிக்கும் இதே கதைதான். ஆங்கிலேயர் அதனைத் துருக்கி என்றனர். துருக்கியர் ஹிந்தி என்றனர். அரபுகள் 'தீக் ரூமீ', உரோம நாட்டுச் சேவல் என்றனர். 1612-இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து இப்பறவையைக் கொண்டுவந்தபோது பேரரசர் ஜஹாங்கீர் வியந்து தம் நினைவேட்டில் எழுதிவைத்தார். அவருடைய ஓவியர் மன்ஸூர் அதை வரைந்தார். இவர்களுள் எவரும் சுட்டாத நாடு ஒன்று உண்டு. அதுவே இவ்விரண்டுக்கும் தாயகமான மெக்சிகோ.

மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லை மக்கள் பேணிப் பேணித் தானியமாக்கினர். அம்மண்ணிலிருந்தே மிளகாயும் வந்தது. தக்காளியின் ஐரோப்பியப் பெயர், சப்போட்டாவின் பெயர், சாக்லேட்டின் பெயர் ஆகிய யாவும் அஸ்தெக் மக்களின் நஹுவாத்ல் மொழிக்குரியவை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பல்கள் வழியே மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று தமிழர் அதற்கு ஒரு பெயரைச் சமைத்துக்கொண்டு, மூன்று தலைமுறைக்குள் அது வந்ததையே மறந்தனர். மாளவ நாட்டு மாண்டு அரசவையில் 1500-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'நிஅமத் நாமா' என்னும் பாரசீகச் சமையல் நூலில் மிளகாய் இல்லை, தக்காளியும் இல்லை. அபுல் ஃபஸ்ல் 1590-ஐ ஒட்டி அக்பரின் சமையற்கூடத்தைப் பற்றி எழுதியபோதும் மிளகுதான் உறைப்புக்கு நின்றது. 'அசல் முகலாய பிரியாணி' என்று பலகை எழுதுவோர் இதனைச் சற்றே நினைவிற்கொள்ளலாம்.

அசல் என்ற இச்சொல்தான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்தது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நகரங்களிலும் மெக்சிகோ உணவகங்கள் பெருகியுள்ளன. அமெரிக்காவின் டெக்சாஸ், கலிஃபோர்னியா மாநிலங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு அவை அன்றாடம் நுழையும் கடைகள். அங்கே பரிமாறப்படுவதில் பெரும்பகுதி டெக்சாஸ் எல்லையில் உருவான கலப்பு: மஞ்சள் பாலாடைக்கட்டி, கோதுமை ரொட்டிச் சுருள், வறுத்து மடித்த முறுகல் ஓடு. மெக்சிகோ நகரின் எளிய மக்கள் நண்பகல் கடந்து உண்ணச் செல்லும் இடம் வேறு. அதன் பெயர் 'ஃபோந்தா'. சில மேசைகள், பிளாஸ்டிக் விரிப்பு, அடுப்படியில் வீட்டுப் பெண்கள், அன்றைய நாளுக்கு மட்டுமான உணவு வரிசை. நம் ஊர் மெஸ் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொண்டால் போதும்.

அவ்வுணவு வரிசைக்கு 'கொமீதா கொர்ரீதா' என்று பெயர். முதலில் நீர்த்த சாறு. அடுத்து 'உலர்ந்த சாறு' வரும். பெயரைக் கேட்டு மயங்க வேண்டா, அது எண்ணெயில் வறுத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த சோறு. பின்னர் குழம்பும் கறியும், அவரை விதைக் கூட்டு, குவளை நிறையப் பழச்சாறு. துணி விரித்த கூடையில் 'டோர்ட்டியா' என்னும் மெல்லிய சோள ரொட்டி சூடாக வந்துகொண்டேயிருக்கும். அதைக் கையால் பிய்த்து, கரண்டியைப் போல் மடித்து, குழம்பை அள்ளி உண்பது வழக்கம். மேசை நடுவே முக்கால் கல்லுரலில் அரைத்த துவையல் இருக்கும்: சுட்ட தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு, உப்பு. மிளகாய், எள், வாதுமை, பட்டை, கிராம்பு எனப் பலவும் வறுத்தரைத்த 'மோலே' என்னும் குழம்பும் சில நாள்களில் உண்டு. 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராயிருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், இந்தியா பற்றிய தம் நூலில், மோலேவையும் நம் குழம்பையும் ஒப்பிட்டு எது எதைப் பார்த்துப் பிறந்தது என்று வினவியிருக்கிறார்.

ரொட்டியின் செய்முறை சிறிது விரித்துரைக்கத் தக்கது. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் கழலக் கழுவி, கல்லில் மாவாக அரைக்கின்றனர். நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். இம்முறைக்கு 'நிக்ஸ்தமால்' என்று பெயர். சுண்ணாம்பு தீண்டினால்தான் சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டும். சோளத்தை வாங்கிச் சென்ற ஐரோப்பியர் அதைச் சமைக்கும் அறிவை வாங்கிச் செல்லவில்லை. அதன் விளைவாக ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சோளமே உண்டு வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா என்னும் கொடிய தோல்நோய்க்கு ஆளாயினர். அரைத்த மாவைக் கையால் தட்டி, நம் தோசைக்கல்லை ஒத்த 'கொமால்' மீது சுட்டெடுக்கின்றனர். சோளம், சுண்ணாம்பு, நீர். வேறெதுவும் இல்லை. 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மானுடப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தபோது, நிக்ஸ்தமால் முறையும் அதில் சிறப்பிடம் பெற்றது.

இனி அரபு கற்றவர் ஒருவர் இக்கடையில் அமர்ந்து உணவுப் பட்டியலை வாய்விட்டுப் படித்தால் என்ன நேரும்? 'அர்ரோஸ்' என்றிருக்கும், நம் 'அர்-ருஸ்'. 'அஸூகார்' என்றால் 'அஸ்-ஸுக்கர்'. 'அசேய்தே' என்பது 'அஸ்-ஸைத்', எண்ணெய். 'அஸஃப்ரான்' 'அஸ்-ஸஅஃபரான்' ஆகும். எள்ளுக்கு 'அஹோன்ஹோலீ' என்று பெயர். 'அல்-ஜுல்ஜுலான்' என்பதன் திரிபு. 'அல்போந்திகாஸ்' என்னும் இறைச்சி உருண்டை, உருண்டைப் பொருளைக் குறிக்கும் 'அல்-புந்துக்' என்பதிலிருந்து வந்தது. குவளையில் வரும் 'தமரிந்தோ' நம் வீட்டுப் புளி. அரபுகள் அதனை 'தமர் ஹிந்தீ', இந்தியப் பேரீச்சை என்றனர். அருகே செந்நிறமாய் நிற்கும் 'ஹமைக்கா' என்னும் பானம் புளிச்சைக் குடும்பத்துச் செடியின் பூவிதழில் ஊறியது. கெய்ரோவில் 'கர்கதே' என்று பருகுவதும் அதுவே. (அரபு 'அர்-ருஸ்' கூடத் தமிழ் 'அரிசி'யிலிருந்து கிரேக்கம் வழியாகச் சென்றது என்னும் கருத்து கால்டுவெல் காலம்தொட்டு வழங்குகிறது. மறுப்போரும் பலர் இருப்பதால் அதன்மேல் மாளிகை கட்ட நான் முற்படவில்லை.)

மேசைமேல் கேளாமலே வைக்கப்படும் கிண்ணம் ஒன்றுண்டு. காடியில் ஊறிய ஹலப்பேனியோ மிளகாய், கேரட், வெங்காயம் ஆகியவை அதில் இருக்கும். 'எஸ்கபேச்சே' என்பது இதன் பெயர். பக்தாதின் அப்பாஸிய அவைகளில் புகழ்பெற்ற 'ஸிக்பாஜ்' என்னும் காடிக்கறியின் பெயரே இது. ஸிக்பாஜ் என்பது பாரசீகச் சொல். 'ஸிக்' என்றால் காடி. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இதன் செய்முறைகள் உள்ளன. பாரசீகத்தில் பிறந்து, பக்தாதில் வளர்ந்து, அந்தலுஸில் தங்கி, அட்லாண்டிக் கடந்து, அங்கே மெக்சிகோவின் மிளகாயோடு சேர்ந்தது இப்பெயர். காடி பற்றிய ஷாஃபியீ, ஹனஃபீ மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டை நம் மாணவர்கள் அறிவர்: தானே காடியாக மாறிய மதுவை இருசாராரும் தூய்மையானதாகக் கொள்வர், ஒரு பொருளைச் சேர்த்து மாற்றியதை ஷாஃபியீகள் ஏற்பதில்லை, ஹனஃபீகள் ஏற்பர்.

கடையின் பெயரான 'ஃபோந்தா'வையும் சொல்லாய்வாளர் பெரும்பாலோர், நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ, அரபுச் சொல்லான 'ஃபுந்துக்'கோடு இணைப்பர். ஃபுந்துக் என்பது வணிகர் சரக்கை இறக்கி, கால்நடையைக் கட்டி, உண்டு உறங்கிய சத்திரம். கர்னாத்தா எனும் கிரனாடா நகரில் நஸ்ரீ மன்னர் காலத்து ஃபுந்துக் ஒன்று, 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. இதே சொல் 'அல்-' சேர்ந்து ஸ்பானியத்தில் 'அல்ஹோந்திகா', தானியக் களஞ்சியம் ஆயிற்று. மெக்சிகோ விடுதலைப் போரின் முதல் பெருமோதல் 1810 செப்டம்பர் 28-இல் குவானஹுவாத்தோ நகரில் ஒரு களஞ்சியத்தைச் சுற்றி நடந்தது. அக்கட்டடம் அல்ஹோந்திகா தே கிரனாதீத்தாஸ். ஸ்பெயினிடமிருந்து விடுதலை வேண்டிப் போரிட்டவர்கள், ஸ்பெயின் யாரிடமிருந்து பெற்றதோ அவர்களின் சொல்லால் பெயர்பெற்ற கட்டடத்தைக் கைப்பற்றினர்.

இவ்வாறு சொற்களை அடுக்கிப் பெருமிதம் கொள்வது நமக்குப் பழகிய இன்பம். ஸ்பானியத்தில் நாலாயிரம் அரபுச் சொற்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சொற்கள் கடல் கடந்தன என்பது உண்மை. அச்சொற்களைப் பேசிய மக்களுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவை மேடையில் நாம் கேட்பதில்லை.

1492 ஜனவரி 2-இல் கர்னாத்தா வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் கால் வைத்தார். முஸ்லிம்களின் வழிபாட்டுரிமைக்கு உறுதியளித்த உடன்படிக்கை பத்தாண்டும் நிலைக்கவில்லை. 1502-இல் காஸ்தீல் அரசு, மதம் மாறுக அல்லது நாடு நீங்குக என்று ஆணையிட்டது. மாறியோர் மூரிஸ்கோக்கள் எனப்பட்டனர். அவர்களுள் எவரும் புதிய உலகம் செல்லலாகாது என்பதிலும் அரசு விழிப்பாயிருந்தது. 1501-இல் ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோவுக்கு வழங்கிய அறிவுறுத்தலிலேயே முஸ்லிம்கள், யூதர்கள், புதிதாக மதம் மாறியோர் ஆகியோர்க்குத் தடை விதிக்கப்பட்டது. 1543-இல், ஒளிந்து சென்றோரையும் அங்கிருந்து வெளியேற்றுமாறு மீண்டும் ஆணை பிறந்தது. இஷ்பீலியா எனும் செவில் துறைமுகத்தில் கப்பலேற விரும்புவோர் தம் குருதியில் மூர் கலப்பும் யூதக் கலப்பும் இல்லையென மெய்ப்பிக்க வேண்டும். 'அர்ரோஸ்' மூட்டைக்கும் 'அஸூகார்' மூட்டைக்கும் அத்தகைய சான்று தேவைப்படவில்லை.

உணவே சான்றாகவும் குற்றப்பத்திரிகையாகவும் ஆன காலம் அது. பன்றி இறைச்சியையும் மதுவையும் ஒதுக்குவது, ரமளானில் பகலில் உண்ணாதிருப்பது, தரையில் அமர்ந்து குஸ்குஸ் உண்பது ஆகியவை மறைவாக இஸ்லாத்தைப் பேணுவதற்கான அடையாளங்கள் என மத விசாரணை மன்றம் பதிவு செய்தது. மதம் மாறிய யூதர்மீது, கொழுப்பை விட்டு எண்ணெயில் சமைப்பதுகூடக் குற்றச்சாட்டாயிற்று. எண்ணெயின் பெயர் அரபு. அதை நாள்தோறும் உச்சரித்தவர்களே அதில் சமைத்தவர்களைக் காட்டிக்கொடுத்தனர். 1567-இல் இரண்டாம் பிலிப் மன்னர் அரபு மொழியையும் தடை செய்தார். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மூரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். இவற்றுக்கெல்லாம் முன்பே, முர்ஸியாவைச் சேர்ந்த இப்னு ரஸீன் அத்-துஜீபீ என்னும் அறிஞர் 13-ஆம் நூற்றாண்டில் தம் ஊர் கைநழுவிய பின் துனிஸில் அமர்ந்து 'ஃபளாலத்துல் கிவான்' என்னும் சமையல் நூலை எழுதினார். ஊரை இழந்தவர் அதன் உணவை ஏட்டில் காத்தார். அந்தலுஸ் பற்றி எழுதப்பட்ட புலம்பல் கவிதைகளைவிட இச்சமையல் நூல் என்னை மிகுதியும் தொடுகிறது.

தடையையும் மீறி, தன் விருப்பமின்றியே அந்நிலத்தைக் கண்ட ஓர் அரபு மொழியினர் உண்டு. மொரோக்கோவின் அஸம்மூர் நகரத்தவர். அடிமையாக விற்கப்பட்டு எஸ்தெவானிகோ என்று பெயர் மாற்றப்பட்டவர். 1527-இல் புறப்பட்ட நார்வாயெஸ் பயணக்குழு அழிந்துபோக, எஞ்சிய நால்வருள் ஒருவராக ஆண்டுக்கணக்கில் கண்டத்தின் குறுக்கே நடந்து 1536-இல் மெக்சிகோ நகரை அடைந்தார். அப்பயணத்தில் பழங்குடியினர் ஈந்த சோளமும் அவரையும் அவர்களை உயிரோடு வைத்தன என்று உடன்சென்ற கபேசா தே வாக்கா எழுதியுள்ளார். 1539-இல் வடக்கே ஸூனி மக்களின் ஊரில் எஸ்தெவானிகோ கொல்லப்பட்டார்.

மூரிஸ்கோக்கள் நுழைய முடியாத நிலத்தில் பன்றி நுழைந்தது. ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. சுடுதலும் அவித்தலும் வேகவைத்தலுமே சமையல். ஒலிவ எண்ணெய் கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள் என்பதால் 'மந்தேகா' எனும் பன்றிக் கொழுப்பு சமையலறையைக் கைப்பற்றியது. இன்று அவரைக் கூட்டை அதில் வதக்குவர். 'தமால்' என்னும் சோளமாவுக் கொழுக்கட்டையில் அதைப் பிசைவர். வடபகுதியின் கோதுமை ரொட்டியிலும் சேர்ப்பர். கொழுப்பின்றி அசல் சுவை வாராது என்று சமையற்காரர் சொல்வர். ஆனால் ஒன்பதாயிரம் ஆண்டுச் சோளத்தின் முன் இக்கொழுப்பு ஐந்நூறு ஆண்டு விருந்தாளி. வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் கடையில் கேட்க வேண்டிய சொல்லும் அதுவே: மந்தேகா உண்டா? சோள ரொட்டி, துவையல், வெண்ணெய்ப்பழக் கூட்டான குவாக்கமோலே ஆகியவை பெரும்பாலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. அவரைக் கூட்டும், சோறு வெந்த சாறும் கேட்டறிய வேண்டியவை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு மொழியினர் மீண்டும் வந்தனர். இம்முறை வெராக்ரூஸ் துறைமுகம் வழியே வெளிப்படையாக. உதுமானியப் பேரரசின் கடவுச்சீட்டோடு வந்ததால் 'துருக்கர்' எனப்பட்ட அவர்களுள் பெரும்பாலோர் லெபனான், சிரியா பகுதிக் கிறித்தவர்கள், முஸ்லிம்கள் சிறுபான்மையினர். புவெப்லா நகரில் 1930-களில் இவர்கள் செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுழற்றிச் சுட்டு, 'டாகோஸ் அராபெஸ்', அரபு டாகோ என்ற பெயரில் விற்றனர். பின்னர் அது மெக்சிகோ நகர் சென்று, மிளகாயும் 'அச்சியோதே' என்னும் செவ்விதையும் பூசப்பெற்று, உச்சியில் அன்னாசித் துண்டு செருகப்பெற்று, 'அல் பஸ்தோர்' ஆனது. 'பஸ்தோர்' என்றால் இடையன். பெயரில் ஆட்டிடையன் நிற்க, கம்பியில் ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றி இறைச்சி பிடித்துக்கொண்டது! மெக்சிகோவின் தெருக்களில் இன்று மிகுதியும் விற்கும் டாகோக்களுள் இதுவும் ஒன்று. நம் ஊர்களில் ஷவர்மாக் கம்பியைக் கண்டவர் எவரும் அதன் உருவத்தை உடனே இனங்காண்பர்; அருகே செல்லத்தான் இயலாது.

வடபகுதியில் தொர்ரேயோன் நகரிலுள்ள சுரையா பள்ளிவாசல் 1989-இல் கட்டப்பட்டது. தென்கோடியில் சியாபாஸ் மலைநாட்டில் நடந்தது அதனினும் வியப்புக்குரியது. 1990-களின் நடுவில், இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர் சிலர் கிரனாடாவைச் சார்ந்த தம் ஜமாஅத்திலிருந்து சான் கிறிஸ்தோபல் தே லாஸ் கஸாஸ் நகருக்கு வந்தனர். 1501-இல் தடுக்கப்பட்ட பயணத்தை ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அவர்களின் நாட்டினரே மேற்கொண்டனர் எனலாம். அங்கே ரொட்டிக்கடையும் தச்சுப்பட்டறையும் அமைத்தனர். மாயா வழியினரான சோத்ஸில் மக்களுள் சில நூறு பேர் இஸ்லாத்தை ஏற்றனர். வந்தவர்களோடு பின்னர் கருத்து வேறுபட்டு, தமக்கெனத் தொழுகையிடம் அமைத்துக்கொண்டோரும் அவர்களுள் உண்டு. அம்மக்கள் பன்றி இறைச்சியையும் மதுவையும் விட்டனர். சுண்ணாம்பு நீரில் ஊறிய சோளத்தையும் கொமால் கல்லையும் அவரையையும் மிளகாயையும் விட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.